சமத்துப் பிள்ளைகளின் வார்டு

குழந்தைகள் வார்டில் அதிகம் பாராட்டு வாங்குவது அழாத பிள்ளை. "எதிர் பெட்ல இருக்கிற பிள்ளையைப் பாரு, எப்படி சமத்தா கையை நீட்டுது! நீ ஏன்டா ஊரைக் கூட்டுறே?" என்று அழுகிற பிள்ளையிடம் சொல்வார்கள். சிஸ்டர் சொல்வார், பெருக்க வரும் அம்மா சொல்வார், பக்கத்துக் கட்டில் பாட்டியும் சொல்வார். அந்தப் பாராட்டின் மேல் எனக்கு இப்போது பெரிய சந்தேகம். மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைகளில் கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிறவனைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். சத்தமே இல்லாமல் கிடக்கிற பிள்ளையிடம்தான் யாராவது போய் உட்கார வேண்டும்.

என் அக்கா மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா. வார்டில் எல்லோருக்கும் அது ஏ.எல்.எல். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். குணமாகும் வாய்ப்பும் நல்ல வாய்ப்பு. வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அதில் முதல் சில மாதங்கள் வீட்டில் இருந்ததைவிட ஆஸ்பத்திரியில் இருந்ததுதான் அதிகம் என்று ஆகிவிடும். செங்கத்துக்குப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தோம். அக்காவும் நானும் மாற்றி மாற்றி அட்டெண்டராக இருந்தோம். ராத்திரியில் ஆண்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் மாமா போர்டிகோவில் மற்ற அப்பாக்களோடு பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். மகனுக்கு நோய் வந்த பிறகு அவனைக் கட்டிக்கொண்டு தூங்கவே முடியாத அப்பாக்கள் ஒரு பெருங்கூட்டமே வெளியில் கிடக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

எங்களுக்கு எதிர்க்கட்டிலில் தருமபுரிப் பக்கத்துப் பெண் குழந்தை ஒன்று இருந்தாள். ஆறு வயது இருக்கும். நரம்பில் மருந்து ஏற்றச் செருகிவைக்கும் வென்ஃப்ளான் குழாயைக் குத்தும்போது கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் அம்மா கேன்டீனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். போர்வை ஓரத்தில் பிரிந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருப்பாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள் "நல்லா கோஆபரேட் பண்றா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்வார்கள்.

இது ஆபத்து என்பதை லண்டனில் எழுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் படம் பிடித்துக் காட்டிவிட்டார். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று பெயர். டாக்டர் இல்லை, சமூகப் பணியாளர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா ஃபிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கட்டடப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து, அங்கே பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெழுதப் பழகியவர். 1948இல் டேவிஸ்டாக் என்ற மனநல கிளினிக்கில் மனநல டாக்டர் ஜான் பௌல்பியோடு சேர்ந்துகொண்டார். அந்தக் காலத்து லண்டன் ஆஸ்பத்திரிகளில் குழந்தையைப் பார்க்க அனுமதித்த நேரத்தைப் படித்தால் நமக்கு வயிறு எரியும். ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம். செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதல் மாதம் பார்க்கவே முடியாது. சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை, தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். பெற்றோர் வந்து போனால் பிள்ளைகள் அழுகிறார்கள், வராவிட்டால் அமைதியாக இருக்கிறார்கள். ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது அவர்கள் கணக்கு.

ராபர்ட்சன் அந்த அமைதியைத்தான் கேள்வி கேட்டார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் அழுது போராடும், அப்புறம் நம்பிக்கை இழந்து சுருண்டுவிடும், மூன்றாவதாக எல்லோரிடமும் சிரித்துப் பழகத் தொடங்கும். ஆனால் அம்மா வந்தால் கண்டுகொள்ளாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் 'பழகிவிட்டது' என்று மகிழ்ந்துகொண்டது இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்துத்தான். சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆகவே 1952இல் கேமராவை எடுத்துக்கொண்டு, இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் படமெடுத்தார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய பெயர் அது. தனக்கு வேண்டிய காட்சியை மட்டும் எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, தினமும் ஒரே நேரத்தில் எடுத்ததற்குச் சாட்சியாகக் கடிகாரமும் படத்தில் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டார். அப்படி அகப்பட்ட அந்தக் குழந்தை பெரிதாக அழுகிற ரகமே இல்லை. உதட்டைக் கடித்து அடக்கிக்கொள்கிற ரகம். அந்த வருடமே ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படத்தைத் திரையிட்டபோது கூடியிருந்த டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். ஆனாலும் 1959இல் ஹாரி பிளாட் என்ற எலும்பு அறுவை நிபுணர் தலைமையிலான குழு, குழந்தைகள் வார்டில் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு கூடாது, சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் தங்க வசதி வேண்டும் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தது.

நம்மூரில் அம்மா கூடவே இருப்பது எந்த அறிக்கையையும் பார்த்து வந்த வழக்கம் இல்லை. ஆள் பற்றாக்குறையில் வந்தது. மாத்திரை வாங்கிவர, ரத்த சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓட, சிறுநீர் அளந்து நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டும். காரணம் எதுவாக இருந்தாலும் பலன் பிள்ளைக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் அம்மா பக்கத்திலேயே இருந்தும் எதிர்க்கட்டில் குழந்தை ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பினாள்?

அதற்கு ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பிருந்தே பார்க்க வேண்டும். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டா? எங்கள் வீட்டில் ஆயா, தெருமுனை கிளினிக்கைக் காட்டியே பேரனுக்கு ரசம் சாதம் ஊட்டியிருக்கிறது. நாலைந்து வருடம் இப்படி வளர்த்துவிட்டு, ஒருநாள் அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஊசிக்கு நடுவில் படுக்க வைக்கிறோம். அவனுக்கு என்ன தோன்றும்? தண்டனை என்றுதான் தோன்றும். அந்த வயதுக் குழந்தைகள், நாம் பயமுறுத்தாவிட்டாலும்கூட, நோயைத் தாங்கள் செய்த ஏதோ ஒரு தப்புக்குக் கிடைத்த தண்டனையாக எடுத்துக்கொள்வது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். இவன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "சித்தி, நான் அக்கா பென்சிலைத் தூக்கிப் போட்டேன்ல, அதுக்கா இது?" நான் நினைத்தே பார்த்திராத பென்சில். "இல்லடா, யார் என்ன பண்ணாலும் இந்த நோய் அதனால வராது" என்று சொன்னேன். மறுநாளும் கேட்டான். அதையே மறுபடி சொன்னேன். ஒருதரம் சொல்லி முடித்துவிடுகிற சமாச்சாரம் இல்லை இது.

அடுத்தது பொய். "ஊசி இல்லடா கண்ணு, சும்மா போய்ட்டு வந்துடலாம்." சொல்கிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் தப்பித்தால் போதும். அறைக்குள் போனால் ஊசி இருக்கிறது. அடுத்த தடவை எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டாலும் பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டான், ஏனென்றால் எக்ஸ்ரே என்பதையும் அவன் நம்பப் போவதில்லை. எங்கள் வார்டில் ஒரு முதுநிலை சிஸ்டர் இருந்தார். அவர் ஒரு பிள்ளையிடமும் வலிக்காது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "வலிக்கும். நீ இருபது எண்றதுக்குள்ள முடிச்சிடுவேன். நீ சத்தமா எண்ணு, அழுதுகிட்டே எண்ணலாம், ஆனா கை மட்டும் அசையக் கூடாது" என்பார். அழ அனுமதி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் அவருடைய தொழில் ரகசியம். அவர் டியூட்டியில் பிள்ளைகள் நன்றாகவே அழுதார்கள், கையையும் நீட்டினார்கள்.

பெரியவர்கள் மறைத்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதும் நம் கற்பனைதான். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், லுகீமியா வார்டில் மூன்றிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைகளோடு பழகி 1978இல் ஒரு புத்தகம் எழுதினார். சாகப்போகிறோம் என்பது யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அதைவிட முக்கியம், தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் அப்பா அம்மா உடைந்துவிடுவார்கள் என்று அவர்களும் மறைத்தார்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்காக நடிக்க, பிள்ளைகள் பெரியவர்களுக்காக நடித்தார்கள்.

எங்கள் வார்டில் ஒரு விடியற்காலை ஓரக்கட்டில் பையன் இறந்துபோனான். நோய் திரும்பி வந்து சேர்ந்திருந்தவன். காலையில் கண்விழித்த பிள்ளைகளிடம், அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்லப்பட்டது. இவன் ஒன்றும் கேட்கவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே அந்தக் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. அன்று முழுக்க அவன் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலம் மற்ற அம்மாக்கள் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், "அந்த அண்ணனுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒண்ணா?" என்றான். செத்துப்போனானா என்று கேட்கவில்லை; அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஒரே பேருதான். ஆனா அவனுக்கு ஒருதரம் சரியாகி மறுபடியும் வந்துச்சு. உனக்கு இப்பத்தான் மருந்து ஆரம்பிச்சிருக்கு, மருந்து கேக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். உனக்கு ஒன்றும் ஆகாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, செருப்பை அவங்க அம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னான்.

சரி, உண்மையைச் சொல்லியாயிற்று. அப்புறம்? ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைக்கு எதிலும் அதிகாரம் கிடையாது. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, யார் தொடலாம், எங்கே குத்தலாம் எல்லாம் அடுத்தவர் முடிவு. இதில் நாம் திருப்பிக் கொடுக்க முடிந்தது சின்னச் சின்ன முடிவுகளைத்தான், ஆனால் அவை நிஜமானவையாக இருக்க வேண்டும். "ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்பது ஏமாற்று, வேண்டாம் என்று சொன்னால் விடப்போகிறோமா? "எந்தக் கை?" என்பது நிஜக் கேள்வி. மாத்திரையை வாழைப்பழத்திலா, ஜாமிலா? மாஸ்க் நீலமா, பச்சையா? முதுகுத் தண்டில் ஊசி போட்டுவிட்டு அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரத்தில் என்ன கதை?

இவனுக்கு ஊசியைவிடப் பிளாஸ்திரியைப் பிய்ப்பதுதான் பெரிய பகை. வென்ஃப்ளானைச் சுற்றி ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி, மயிரோடும் தோலோடும் ஒட்டிக்கிடக்கும். சரக்கென்று இழுத்தால் ஒரு நொடியில் முடியும், பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒருநாள் நானே பிய்த்துக்கொள்கிறேன் என்றான். அந்த முதுநிலை சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், சரி என்றார். பஞ்சில் தண்ணீர் நனைத்துக் கொடுத்தார். அவன் ஓரத்தை ஊறவைத்து, நகத்தால் கிளப்பி, அரிசி நீளம் பிய்த்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கினான். மறுபடி ஊறவைத்தான். நடுவில் இரண்டு பேருக்கு மருந்து மாற்றிவிட்டு வந்த சிஸ்டர், "என்ன சார், பாதி முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முடித்ததும் அந்தச் சுருட்டின பிளாஸ்திரியை வார்டு முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். குழாயை உருவும் வேலையைச் சிஸ்டரிடமே விட்டுவிட்டான். அன்று முதல் பிளாஸ்திரி அவன் இலாகா.

பணமே செலவாகாத வேறு சில விஷயங்களும் உண்டு. முடிந்தவரை குத்துகிற வேலைகளைக் கட்டிலில் வைத்துக்கொள்ளாமல் சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனால், கட்டிலாவது பயமில்லாத இடமாக மிஞ்சும். மல்லாக்கப் போட்டு நாலு பேர் அமுக்கினால் எந்தப் பிள்ளையும் மிரளும். அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து ஒரு கையை மட்டும் நீட்டிப் பிடித்தால் அதே வேலை குறைந்த சத்தத்தில் முடியும். குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் தடவ வேண்டும் என்பதால் அவசரத்தில் யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை, டாக்டரிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார். செல்போனைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வலிக்கிற நேரத்தில் பிள்ளையின் கவனத்தைத் திருப்ப அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை கையிலேயே கொடுத்துவைத்திருந்தால், ஊசி நேரத்தில் அது வேலை செய்யாது. நாங்கள் ஊசிக்கும் ராத்திரி அரை மணி நேரத்துக்கும் மட்டும் எடுத்தோம்.

விளையாட்டுக்கு வருகிறேன். எம்மா பிளாங்க் என்று ஒரு பெண்மணி, வியன்னாக்காரர், 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகர ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குச் சிகிச்சையை விளையாட்டில் புரியவைப்பது, பாடம் சொல்லிக்கொடுப்பது, பயத்தை வெளியே கொண்டுவருவது. இன்று அங்கே பெரும்பாலான குழந்தைகள் ஆஸ்பத்திரிகளில் இந்த வேலைக்கென்று படித்த ஆட்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நமக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவுக்கு இடம் உண்டு, விளையாட்டுக்கு இல்லை. ஆகவே நாமேதான்.

வெள்ளையணு குறைந்திருக்கும்போது பஞ்சு பொம்மை, ரோமம் வைத்த பொம்மை எல்லாம் கூடாது, கழுவித் துடைக்க முடிந்ததுதான் கட்டிலுக்கு வரலாம். இவனிடம் மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஜேசிபி ஒன்று இருந்தது. சிஸ்டரிடம் கேட்டு, பிரிக்காத புது சிரிஞ்சு ஒன்று, ஊசியில்லாமல் வாங்கினேன். ட்ரிப்ஸ் ட்யூபிலும் ஒரு துண்டு கிடைத்தது. ஜேசிபியின் தூக்குக் கையில் பிளாஸ்திரி ஒட்டி வென்ஃப்ளான் போட்டான். "கவுண்ட் எறங்கிடுச்சு, பிளேட்லெட் ஏத்தணும், வெளியாளுங்க யாரும் கிட்ட வரக் கூடாது" என்று எல்லோரையும் விரட்டினான். "அழாதே, இருபது எண்ணு" என்று ஜேசிபியைக் கண்டித்தான். டாக்டர்கள் ரவுண்ட்ஸில் பேசிக்கொண்டது எவ்வளவு தூரம் அவன் காதில் விழுந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் ஜேசிபியிடம் கேட்ட கேள்விகளிலிருந்துதான் அவனுக்கு எது புரியவில்லை என்பதையும் கண்டுபிடித்தேன். ரத்தம் எடுக்க எடுக்க உடம்பில் தீர்ந்துபோய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

எதிர்க்கட்டில் பெண் இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அவளாகவே வந்து நின்றாள். பேசவில்லை. இவன் பெரிய மனது பண்ணி சிரிஞ்சை நீட்டினான். அவள் வாங்கி ஜேசிபியின் கண்ணாடியில் குத்தினாள். மறுபடி குத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிஞ்சு முனை வளைகிற வரைக்கும் குத்தினாள். இவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். அவள் அம்மா ஓடிவந்து கையைப் பிடிக்கப் போக, விடுங்க என்று நான் சைகை காட்டினேன். அடுத்த முறை அவளுக்கு வென்ஃப்ளான் மாற்றியபோது வார்டே அதிரும்படி அழுதாள், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நல்லா இருந்த பிள்ளையைக் கெடுத்துட்டீங்களே" என்று இளம் சிஸ்டர் ஒருவர் என்னைக் கேலி செய்தார். அதற்கும் ஜேசிபிக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அம்மா கேன்டீனிலிருந்து வந்தால், "எனக்கு என்ன வாங்கினே?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

வார்டில் நாள் நகராது. ட்யூப்லைட் இருபத்துநாலு மணி நேரமும் எரியும். மாமா தேரடிக் கடையிலிருந்து தினசரி காலண்டர் ஒன்று கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் மாட்டினார். காலையில் தாள் கிழிப்பது இவன் வேலை, கிழித்த தாளின் பின்பக்கம் படம் வரைய. ஊசி நாளுக்குச் சிவப்புப் பொட்டு, அவன் அம்மா வரும் நாளுக்குப் பச்சை. இதில் எதிர்பாராத லாபம், தாளில் இருந்த ராசிபலனைக் கேட்க மற்ற அம்மாக்கள் தினமும் காலையில் வந்து கூடினார்கள். மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்கு அலைச்சல் என்று இவன் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்ல, அலைச்சலாமே என்று அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்தச் சிரிப்புக்காகவே இவன் 'அ'வும் 'ல'வும் சீக்கிரம் கற்றுக்கொண்டான். யூகேஜி மிஸ் வாட்ஸப்பில் வகுப்புப் பிள்ளைகளின் குரலைப் பதிவுசெய்து அனுப்புவார். அதில் ஒருவன் ஒவ்வொரு தடவையும் இவன் இடத்தில் தான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வம்புக்கு இழுப்பான். உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்புகளைவிட அந்த வம்பு நன்றாக வேலை செய்தது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் எல்லாம் தலைகீழ். விடியற்காலை மூன்று மணிக்குப் பசி வரும். பரோட்டா சால்னா கேட்பான். வெளிச் சாப்பாடு கூடாது. லாட்ஜ் அறையில் சமைத்து வைத்திருந்த இட்லியைப் பொடி தொட்டுக் கொடுத்தால் தட்டைத் தட்டிவிடுவான், நாலு நிமிடத்தில் அதே இட்லியைக் கேட்பான். என்னை அடித்திருக்கிறான், கடித்திருக்கிறான், "நீ செத்துப்போ" என்று சொல்லியிருக்கிறான். மருந்து நின்றால் இந்தக் கோபமும் இறங்கிவிடும் என்பதை ஆரம்பத்திலேயே பெற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும், பிள்ளையிடமும் சொல்ல வேண்டும்: "இது மருந்து பண்ற வேலை, நீ கெட்டப் பையன் இல்ல." அடிக்க விடக் கூடாது, ஆனால் அடித்ததற்காகக் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பவும் கூடாது. ராத்திரி மூன்று மணிக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதற்குத்தான் ஆள் மாற்றிக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்கிறேன். தரையில் படுத்து, அட்டெண்டருக்குச் சாப்பாடு கிடையாது என்பதால் பிள்ளையின் மிச்சத்தைத் தின்று, குளிக்க வரிசையில் நிற்கும் ஒரு அம்மா எத்தனை நாள் சிரித்த முகமாக இருப்பாள்? பிள்ளையின் மனசுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு வர வேண்டாம். அந்த அம்மாவை ஒரு ராத்திரி தூங்க அனுப்பிவைக்க வந்தால் போதும்.

வீட்டில் விட்டுவந்த பிள்ளையும் உண்டு. அவன் அக்காவுக்கு ஒன்பது வயது. ஆயா வீட்டில் விட்டிருந்தோம். எல்லோரும் தம்பியைப் பற்றியே போனில் கேட்க, இவள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் வந்தாள், வீட்டு வேலைக்கும் உதவினாள், இவளும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளை அழைத்துவந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று தம்பிக்குக் கையாட்டவைத்தோம். திரும்பும்போது ஆட்டோவில், தான் அவன் முதுகில் குத்தியதால்தான் முதுகில் ஊசி போடுகிறார்களா என்று கேட்டாள். எவ்வளவு மாதம் அதைச் சுமந்தாளோ. அதன் பிறகு என் அக்கா வாரத்தில் ஒருநாள் இவளுக்கென்று மட்டும் ஊருக்குப் போனாள். தம்பி பேச்சு எடுக்கக் கூடாது என்பது அந்த நாளின் சட்டம்.

கேக்கோடு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாருக்கோ பிறந்தநாள், வார்டில் வந்து கேக் வெட்டுவார்கள், மொட்டைத்தலைப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படமெடுப்பார்கள். பாதிப் பிள்ளைகள் அந்தக் கேக்கைத் தொடக்கூட முடியாது. அரை மணி நேரத்தில் பலூனும் ஆட்களும் மறைந்துவிட, அப்புறம் ஒரு மணி நேரம் அழுகை. இவர்களுக்கு நல்ல மனசுதான், ஆனால் வருகிற வழி சரியில்லை. வியாழக்கிழமைதோறும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார். கையைக் கழுவி, மாஸ்க் போட்டு, காகிதத்தில் கப்பல், தவளை, கொக்கு மடித்துக் காட்டுவார். ஒரு மணி நேரம், கிளம்பிவிடுவார். அவர் யாரிடமும் உருகி உருகிப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வரத் தவறியதில்லை. பிள்ளைகள் புதன்கிழமை ராத்திரியே காகிதம் சேர்த்து வைத்திருப்பார்கள்.

வீடு திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இவன் படுக்கையை நனைத்தான், வெள்ளைச் சட்டை போட்ட போஸ்ட்மேனைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தான், தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டான். இப்போது மாத்திரையோடு பள்ளிக்கூடம் போகிறான். தன் இடத்தில் உட்கார்ந்திருந்தவனோடு முதல் நாளே சண்டை.

கடைசியாக ஒரு நிர்வாக விஷயம். அந்த வார்டில் கண்ணாடி அலமாரி நிறைய பொம்மைகள் இருந்தன. யார் யாரோ தானம் கொடுத்தவை. எப்போதும் பூட்டியிருக்கும். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று அம்மாக்கள் திட்டுவோம். அந்த முதுநிலை சிஸ்டரிடம் நேரடியாகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. தானமாக வரும் ஒவ்வொரு பொம்மையும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறுகிறது. ஆடிட்டில் ஒன்று குறைந்தாலும் வார்டு பொறுப்பில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு கார் தொலைந்து அவர் விளக்கம் எழுதிக் கொடுத்ததுகூட உண்டாம். யார்தான் பூட்டைத் திறப்பார்கள்? "வார்டுக்குன்னு குடுக்காதீங்க, பிள்ளைக்குன்னு குடுங்க. அவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவான், எனக்குக் கணக்கு இல்ல. இல்லாட்டி கிரேயான், நோட்டு, களிமண், இந்த மாதிரி தீர்ந்துபோற சாமானா குடுங்க. செலவாயிடுச்சுன்னு எழுதிட்டுப் போயிடுவேன்" என்றார். அதற்கப்புறம் நாங்கள் அப்படித்தான் கொடுக்கிறோம். பழைய பொம்மைகளையும் ரெஜிஸ்டரிலிருந்து கழித்துவிடக் கேட்டு அம்மாக்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கிறோம். கழிப்பதென்றால் முதலில் அவை உடைந்திருக்க வேண்டுமாம். பிள்ளைகளிடம் ஒரு வாரம் கொடுத்தால் அந்த நிபந்தனையும் பூர்த்தியாகிவிடும் என்று எழுதியிருக்கிறேன்.